ட்ரங்க் போர்ட்டில் விடுபட்ட ஒரு சொல்: தொலைவில் இருந்தபடி ஸ்விட்ச்சை மாற்றுவோர் எப்படிக் காத்துக்கொள்கிறீர்கள்?

தக்கலை வடக்கு | ஞாயிறு, இரவு 9.12

எல்லோருக்கும் வணக்கம். நாகர்கோவிலில் ஒரு நிறுவனத்தின் சர்வர் அறையை நானும் ஒரு நண்பருமாகப் பார்த்துக்கொள்கிறோம். அதை டேட்டா சென்டர் என்று சொன்னால் அம்பத்தூரிலும் சிறுசேரியிலும் வேலை செய்பவர்கள் சிரிப்பார்கள். ஆறு ரேக் (கருவிகளை அடுக்கும் நிலைச்சட்டம்), எல்லா ரேக்கையும் இணைக்கும் இரண்டு கோர் ஸ்விட்ச், ரேக்குக்கு ஒன்றாக உச்சியில் ஆறு ஸ்விட்ச், தரவைச் சேமிக்கும் ஒரு ஸ்டோரேஜ், 23 விலான் (ஒரே ஸ்விட்ச்சுகளில் பிரித்து ஓடும் தனித்தனி நெட்வொர்க்). அவ்வளவுதான் எங்கள் சாம்ராஜ்யம். ஆனால் அது நின்றால் மார்த்தாண்டம் முதல் அஞ்சுகிராமம் வரை எங்கள் கிளைகள் அனைத்திலும் பில் போடுவது நின்றுவிடும்.

வியாழன் இரவு நடந்ததை மறைக்காமல் எழுதுகிறேன். புதிதாக வந்த இரண்டு சர்வர்களுக்காக, முதல் கோரிலிருந்து நான்காம் ரேக்குக்குப் போகும் ட்ரங்க்கில், அதாவது பல விலான்களை ஒன்றாகச் சுமக்கும் லிங்க்கில், விலான் 140-ஐச் சேர்க்க வேண்டியிருந்தது. தக்கலையில் வீட்டில் உட்கார்ந்து, விபிஎன் (இணையத்தின் வழியே மறைவாகப் போகும் சுரங்கம்) வழியாக ஜம்ப் சர்வருக்குள் (ஸ்விட்ச்சுகளுக்குள் போக வாசலாக இருக்கும் சர்வர்) போய், அங்கிருந்து கோருக்குள் நுழைந்து, போர்ட் சேனலின் (ஒரே லிங்க்காகக் கட்டிய போர்ட்டுகள்) கீழ் "ஸ்விட்ச்போர்ட் ட்ரங்க் அலவுட் விலான் 140" என்று அடித்து என்டரைத் தட்டினேன். "ஆட்" என்ற சொல்லைப் போடவில்லை. அதைப் போடாவிட்டால் ஸ்விட்ச் அந்தப் பட்டியலில் 140-ஐச் சேர்ப்பதில்லை; பழைய பட்டியலை முழுவதுமாக அழித்துவிட்டு 140-ஐ மட்டும் வைத்துக்கொள்கிறது. ஸ்டோரேஜும் நான் நுழைந்த அதே ஜம்ப் சர்வரும் நான்காம் ரேக்கில்தான் இருக்கின்றன. கர்சர் அப்படியே நின்றுவிட்டது. முதலில் என் வீட்டு இணையம்தான் போய்விட்டது என்று நினைத்து, மோடத்தை எட்டிப் பார்த்தேன் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

நண்பரைக் கூப்பிட்டபோது அவர் சொன்ன யோசனை சரியாகவே பட்டது. நான் எதையும் சேமிக்கவில்லை. ஆகவே காவலாளியிடம் சொல்லி முதல் கோரின் பவரை ஒருமுறை பிடுங்கிப் போடச் சொன்னால் கடைசியாகச் சேமித்த பழைய கான்ஃபிக்கோடு, அதாவது அமைப்பு வரிகளோடு, எழுந்துவிடும் என்றார். அப்படியே செய்தோம். ட்ரங்க் சரியானது. ஆனால் மூன்று வாரங்களுக்கு முன்பு வெளி இணையத்துக்கும் எங்கள் அறைக்கும் நடுவே நிற்கும் காவல் பெட்டியான ஃபயர்வாலின் கேபிளை வேறு போர்ட்டுக்கு மாற்றியபோது செய்த கான்ஃபிக் மாற்றத்தையும் நாங்கள் சேமிக்காமல் விட்டிருந்தோம் என்பது அப்போதுதான் தெரிந்தது. கோர் எழுந்தது, ஃபயர்வால் இருந்த போர்ட் வெற்றுப் போர்ட்டாக நின்றது, விபிஎன் திரும்பவில்லை. மழையில் பைக்கை எடுத்துக்கொண்டு நாகர்கோவிலுக்குப் போய், நெட்வொர்க் இல்லாமலே ஸ்விட்ச்சோடு நேரடியாகப் பேச உதவும் கன்சோல் கேபிளைச் செருகிய பிறகு லேப்டாப்பில் யுஎஸ்பி சீரியல் டிரைவர் இல்லை என்று கண்டு, போன் ஹாட்ஸ்பாட்டில் அதை இறக்கி, எல்லாம் சரியானபோது மணி ஒன்றரை.

இரண்டு தவறும் என்னுடையவை. அதில் மறுபேச்சு இல்லை. நான் கேட்க விரும்புவது இதைத்தான். கை தவறும் என்று தெரிந்தே வேலை செய்கிறோம் என்றால், முதல் வரியை அடிக்கும் முன்பே திரும்பி வரும் வழியை எப்படி அமைத்து வைக்கிறீர்கள்? இன்னொன்று: நான்காம் ரேக்குக்கு இரண்டாம் கோரிலிருந்தும் ஒரு லிங்க் இருக்கிறது. அது ஏன் கைகொடுக்கவில்லை?

வடசேரி 2 | ஞாயிறு, இரவு 10.05

தக்கலை அண்ணாச்சிக்கு வணக்கம். அந்த "ஆட்" என்ற சொல்லுக்கு இரையாகாதவர் இந்தத் தொழிலில் குறைவு. நான் பழகியது பழைய முறைதான்: மாற்றம் தொடங்கும் முன் "ரீலோட் இன் 10" என்று அடித்துவிடுவேன். பத்து நிமிடத்துக்குள் எல்லாம் சரியாக இருப்பதைப் பார்த்து "ரீலோட் கேன்சல்" கொடுத்தால் தப்பித்தேன். இடையில் தொடர்பு அறுந்தால் ஸ்விட்ச் தானே மறுதொடக்கமாகிச் சேமித்த கான்ஃபிக்கோடு திரும்பும்.

ஆனால் இதில் இருக்கும் பொறியில்தான் நீங்கள் வியாழனன்று விழுந்தீர்கள். ரீலோட் கட்டளைக்கு முன்பாக, அதாவது புதிய மாற்றத்தின் முதல் எழுத்துக்கும் முன்பாக, ஓடிக்கொண்டிருக்கும் கான்ஃபிக்கைச் சேமித்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஸ்விட்ச் திரும்பிப் போவது நேற்றைய நிலைக்கா, போன ஆடி மாதத்து நிலைக்கா என்று யாருக்கும் தெரியாது. 2017 நவம்பர் கடைசியில் ஓகி புயல் வந்தபோது நம் மாவட்டத்தில் நாள்கணக்கில் மின்சாரம் இல்லை. யூபிஎஸ் எல்லாம் தீர்ந்து, ஜெனரேட்டருக்கு டீசலும் கிடைக்காமல், நாங்கள் மொத்த அறையையும் அணைத்தோம். மின்சாரம் வந்து எல்லாவற்றையும் எழுப்பியபோது, சேமிக்காமல் கிடந்த மாற்றங்கள் எந்தெந்த ஸ்விட்ச்சில் இருந்தன என்ற பட்டியல் எங்களுக்குத் தானாகவே கிடைத்தது. அதைப் போட்டு முடிக்க இரண்டு நாள் ஆயிற்று.

கோர் ஸ்விட்ச்சுக்கு இந்த முறையை நான் பரிந்துரைக்க மாட்டேன். ஒரு வரித் தவறுக்காக அறை முழுவதையும் பல நிமிடம் இருட்டில் போடுவது எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்துவதற்குச் சமம். கிளையில் தனியாக இருக்கும் ஸ்விட்ச்சுக்கு மட்டுமே இதைப் பயன்படுத்துகிறேன்.

குழித்துறைப் பாலம் | திங்கள், காலை 7.30

நான் ஊரில் இருந்தபடியே சென்னையில் உள்ள ஒரு டேட்டா சென்டரின் ஸ்விட்ச்சுகளைக் கவனிக்கும் குழுவில் இருக்கிறேன். வடசேரி அண்ணன் சொன்னதற்கு மறுதொடக்கம் தேவைப்படாத மாற்று உண்டு. ஜூனிப்பரில் (இதுவும் அரிஸ்டா, சிஸ்கோ இரண்டும் ஸ்விட்ச் தயாரிப்பாளர்கள்) "கமிட் கன்ஃபர்ம்டு" என்று கொடுத்தால், பத்து நிமிடத்துக்குள் இரண்டாம் முறை கமிட் செய்யாவிட்டால் மாற்றம் தானே பின்வாங்கிக்கொள்ளும். பத்து என்பது இயல்பான அளவு, வேண்டுமானால் மாற்றிக்கொள்ளலாம். அரிஸ்டாவில் கான்ஃபிக் செஷனைத் திறந்து, எழுதி, வேறுபாட்டைப் பார்த்துவிட்டு, கமிட் டைமரோடு முடிக்கலாம். சிஸ்கோவின் ஸ்விட்ச் மென்பொருளான ஐஓஎஸ்-இல் முன்கூட்டியே ஆர்க்கைவ் பாதையை (கான்ஃபிக் நகலை வைக்கும் இடம்) அமைத்து வைத்திருந்தால் "கான்ஃபிகர் டெர்மினல் ரிவர்ட் டைமர் 5" என்று உள்ளே நுழையலாம். ஐந்து நிமிடத்துக்குள் "கான்ஃபிகர் கன்ஃபர்ம்" வராவிட்டால் பழைய வரிகளை ஸ்விட்ச்சே திரும்பப் போட்டுக்கொள்ளும். போர்ட் எதுவும் தேவையில்லாமல் விழாது, பெட்டி அணையாது. சிஸ்கோவின் நெக்ஸஸ் ஸ்விட்ச் வைத்திருப்பவர்கள் மாற்றத்துக்கு முன் செக்பாயிண்ட் (அப்போதைய கான்ஃபிக்கின் நகல்) ஒன்றை எடுத்து வைக்கலாம். ஆனால் அந்த நிலைக்குத் திரும்பும் ரோல்பேக் கட்டளையை அடிக்க நீங்கள் உள்ளே இருக்க வேண்டும், வெளியே தள்ளப்பட்டவருக்கு அதனால் பயனில்லை.

அடுத்தது, கான்ஃபிக்கின் நகலை மனிதர் நினைவில் விடக் கூடாது. ஆக்ஸிடைஸ்டு, ரான்சிட் இரண்டும் இலவசக் கருவிகள். குறித்த நேரத்துக்கு ஒருமுறை ஒவ்வொரு ஸ்விட்ச்சுக்குள்ளும் போய் கான்ஃபிக்கை எடுத்து வந்து, நேற்றைக்கும் இன்றைக்கும் எந்த வரி மாறியது என்று வரலாறோடு வைத்துவிடும். அந்த நகல்களைக் கண்ட இடத்தில் போடாதீர்கள். சிஸ்கோவின் டைப் 7 கடவுச்சொல் பார்ப்பதற்குத்தான் மறைகுறியீடு போலத் தெரியும். நொடியில் திருப்பிப் படித்துவிடலாம்.

நீண்ட காலத் தீர்வு என்று கேட்டால், ரேக் ஸ்விட்ச்சுகளை லீஃப் என்றும் நடு ஸ்விட்ச்சுகளை ஸ்பைன் என்றும் அமைக்கும் லீஃப் ஸ்பைன் அமைப்புக்கு மாறி, விஎக்ஸ்லான் (ரூட்டிங் நெட்வொர்க்கின் மேல் விலான்களைச் சுமக்கும் முறை), இவிபிஎன் (எந்தக் கருவி எங்கே இருக்கிறது என்று ஸ்விட்ச்சுகள் பகிர்ந்துகொள்ளும் முறை) போட்டுவிடுவதே நல்லது என்பேன். ஒவ்வொரு லீஃபிலிருந்தும் எல்லா ஸ்பைனுக்கும் ரூட்டிங் லிங்க். லூப் (பாக்கெட் ஓயாமல் சுற்றும் வளையம்) விழாமலிருக்க ஸ்பானிங் ட்ரீ என்ற நெறிமுறை தடுத்து வைக்கும் லிங்க் என்ற பேச்சே இருக்காது. ட்ரங்க் பட்டியலை இடைவழியெல்லாம் திருத்தும் வேலையும் போய்விடும்.

தக்கலை வடக்கு | திங்கள், காலை 8.10

ரிவர்ட் டைமரைப் பற்றிக் கேள்விப்பட்டிருந்தும் கைப்பழக்கத்தில் கொண்டுவரவில்லை. இன்றே ஆர்க்கைவ் பாதையை அமைக்கிறேன். விஎக்ஸ்லான் பற்றிச் சற்றுத் தயக்கம் உண்டு. விலான் எண்ணுக்கு 12 பிட், ஆகவே 4094 வரை. அது போதாதவர்களுக்கு விஎக்ஸ்லானில் 24 பிட்டில் ஒரு கோடியே அறுபது லட்சத்துக்கும் மேல் தருகிறார்கள். எங்களிடம் இருப்பது 23. கோழிக்கூட்டுக்கு ராஜகோபுரம் கட்டுவதாகிவிடாதா?

ஆரல் கணவாய் | திங்கள், பிற்பகல் 1.45

ஆகும். குழித்துறை நண்பர் சொன்ன அமைப்பு நல்ல அமைப்பு. 1953-இல் பெல் ஆய்வகத்தின் சார்லஸ் குளோஸ் தொலைபேசி இணைப்பகங்களுக்காக எழுதிய கணக்கே இன்றைய லீஃப் ஸ்பைனுக்கு அடிப்படை. ஆனால் இரண்டு பேர் பார்க்கும் ஆறு ரேக் அறையில் பிஜிபி (பாதைகளைப் பகிரும் ரூட்டிங் நெறிமுறை), இவிபிஎன், விஎக்ஸ்லான் மூன்றையும் ஏற்றினால், நள்ளிரவில் பழுது பார்க்க வேண்டிய அடுக்குகளும் மூன்றாகிவிடும். விஎக்ஸ்லான் ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் 50 பைட் கூடுதல் தலைப்பை ஏற்றுகிறது. வழியில் ஒரே ஒரு லிங்க்கில் எம்டியு (ஒரு பாக்கெட்டின் உச்ச அளவு) 1500 என்று நின்றுவிட்டால் பிங் அழகாகப் போகும், லாகின் திரை வரும், பெரிய ஃபைலை நகலெடுத்தால் மட்டும் நடுவில் உறைந்து நிற்கும். இதைக் கண்டுபிடிக்க நான் ஒரு முழு ஞாயிற்றுக்கிழமையைக் கொடுத்திருக்கிறேன். துண்டாக்கக் கூடாது என்ற குறியோடு 1472 பைட் அளவில் பிங் செய்து பார்த்திருந்தால் ஐந்து நிமிட வேலை. தலைப்பு 28 சேர்ந்து சரியாக 1500 ஆகும்.

இனி தக்கலை நண்பரின் இரண்டாவது கேள்வி. அதை யாரும் தொடவில்லை. நீங்கள் ஓட்டுவது எம்எஸ்டி, அதாவது 802.1எஸ் தரத்து ஸ்பானிங் ட்ரீ, எல்லா விலானும் ஒரே இன்ஸ்டன்ஸில் (ஒரே மரத்தில்), என்று ஊகிக்கிறேன். எம்எஸ்டியில் பிபிடியு, அதாவது ஸ்பானிங் ட்ரீக்காக ஸ்விட்ச்சுகள் தமக்குள் அனுப்பிக்கொள்ளும் செய்தி, விலான் குறியில்லாமல் போகிறது. ட்ரங்க்கில் எந்த விலானை அனுமதித்தீர்கள் என்பது அதற்குப் பொருட்டே இல்லை. ஆகவே நீங்கள் 22 விலானை வெட்டிய பிறகும் நான்காம் ரேக் ஸ்விட்ச் முதல் கோரிடமிருந்து தவறாமல் பிபிடியு பெற்றுக்கொண்டே இருந்தது. அதன் பார்வையில் அந்த லிங்க் நலமாக இருந்தது. இரண்டாம் கோருக்கான லிங்க்கைத் திறக்க அதற்குக் காரணமே இல்லை. ஒவ்வொரு விலானுக்கும் தனி மரம் கட்டும் ரேப்பிட் பிவிஎஸ்டியாக இருந்திருந்தால், வெட்டப்பட்ட விலான்களின் பிபிடியு நின்றுபோய், அவை மட்டும் மறு லிங்க்குக்கு மாறியிருக்கும். எம்எஸ்டி ஓட்டுபவர்கள் ட்ரங்க்கில் விலானைக் கையால் வெட்டுவதைத் தவிர்ப்பதும், வெட்டியே ஆக வேண்டுமானால் இரு பாதைகளிலும் ஒரே பட்டியலை வைத்திருப்பதும் இதனால்தான்.

ஸ்பானிங் ட்ரீயின் தலைமை ஸ்விட்ச்சான ரூட் எது என்றும் பார்த்து வையுங்கள். முன்னுரிமை எண்ணை யாரும் தொடாமல் எல்லாம் 32768 என்று கிடந்தால், மேக் முகவரி (கருவியோடு வரும் தனி எண்) சிறியது எதுவோ அதுவே ரூட். பெரும்பாலும் அது அறையிலேயே மூத்த ஸ்விட்ச்சாக இருக்கும். நான் ஒரு கல்லூரி அறைக்குப் போனபோது, ஆய்வகத்து மேசைக்கு அடியில் விசிறி கரகரத்துக்கொண்டிருந்த ஒரு 24 போர்ட் கிழட்டு ஸ்விட்ச் மொத்த வளாகத்துக்கும் ரூட்டாக வீற்றிருந்தது. கோர்கள் இரண்டும் அதற்குக் கப்பம் கட்டிக்கொண்டிருந்தன. முதல் கோருக்கு 4096, இரண்டாம் கோருக்கு 8192 என்று எழுதி வைப்பது இரண்டு வரி வேலை.

விட்டம், அதாவது இரு முனைகளுக்கு இடையே வரக்கூடிய அதிகபட்ச ஸ்விட்ச் எண்ணிக்கை, பற்றியும் ஒரு சொல். பழைய ஸ்பானிங் ட்ரீ தரமான 802.1டி தன் நேர அளவுகளை ஏழு ஸ்விட்ச் விட்டத்தைக் கருத்தில் வைத்தே வகுத்தது. 2002 நவம்பரில் அமெரிக்காவின் போஸ்டனில் ஒரு பெரிய மருத்துவமனையின் நெட்வொர்க் அந்த எல்லையைத் தாண்டி வளர்ந்திருந்ததால் நாள்கணக்கில் விழுந்து எழுந்தது; மருத்துவர்கள் காகிதத்துக்குத் திரும்பினார்கள். கிளைக்குள் ஒரு ஸ்விட்ச்சின் வாலில் இன்னொன்று என்று கோத்துக்கொண்டே போகும் பழக்கம் நம்மிடமும் இருக்கிறது.

உங்கள் அளவுக்கு என் பரிந்துரை: இரண்டு கோரையும் எம்லாக் ஜோடியாக்குங்கள் (ரேக் ஸ்விட்ச்சுக்கு இரண்டும் ஒன்றே போலத் தெரியும்). ரேக் ஸ்விட்ச் இரண்டு கோருக்கும் ஒரே எல்ஏசிபி கட்டாக (பல லிங்க்குகளை ஒன்றாகச் சேர்க்கும் முறை) பேசும், எந்த லிங்க்கும் சும்மா கிடக்காது. மற்ற கோர் உயிரோடு இருக்கிறதா என்று பார்க்கும் கீப்அலைவ் செய்தியை மட்டும், இரு கோரையும் இணைக்கும் பியர் லிங்க்கின் வழியே விடாதீர்கள். பியர் லிங்க் அறும் நாளில் கீப்அலைவும் சேர்ந்து அறுந்தால், இரண்டு கோரும் "நானே தலைவன்" என்று கிளம்பிவிடும். மேனேஜ்மெண்ட் போர்ட்டுகளுக்கிடையே தனி கேபிள் போதும்.

குளச்சல் கரை | திங்கள், இரவு 8.20

எல்லோரும் கட்டளைகளைப் பேசுகிறீர்கள். நான் கேபிளைப் பேசுகிறேன். தக்கலை அண்ணாச்சிக்கு அன்றிரவு வேண்டியிருந்தது வேறொரு வாசல். 2021 அக்டோபர் 4 அன்று ஃபேஸ்புக் ஆறு மணி நேரம் போல உலகம் முழுவதும் காணாமல் போனது நினைவிருக்கும். பராமரிப்பின்போது கொடுத்த ஒரு கட்டளை அவர்களின் டேட்டா சென்டர்களை இணைக்கும் முதுகெலும்பை அறுத்தது. அதைத் தடுக்க வேண்டிய சோதனைக் கருவியில் பிழை இருந்தது. அவசரத்துக்கென்று வைத்திருந்த தனி வழியும் சேர்ந்து விழுந்ததால் ஆட்களை நேரில் அனுப்ப வேண்டியதாயிற்று. உங்கள் பைக் பயணத்தை அவர்களும் போயிருக்கிறார்கள், அவ்வளவே.

நான் செய்திருப்பது இது. ராஸ்பெரி பை என்ற ஒரு சிறு கணினி, அதில் இரண்டு யுஎஸ்பி கன்சோல் கேபிள், கோருக்கு ஒன்றாக. பக்கத்தில் சிம் போட்ட ஒரு சிறிய 4ஜி ரௌட்டர். அறையின் நெட்வொர்க்கோடு இதற்கு எந்தத் தொடர்பும் இல்லை. மொபைல் சிம்மில் பொது ஐபி முகவரி பெரும்பாலும் கிடைப்பதில்லை. ஆகவே வெளியிலிருந்து உள்ளே அழைக்க முடியாது. ராஸ்பெரி பையே வெளியில் உள்ள ஒரு வாடகை சர்வருக்கு ஒயர்கார்டு (ஒரு விபிஎன் மென்பொருள்) சுரங்கம் போட்டுக் காத்திருக்கும். நான் அந்த சர்வர் வழியாக உள்ளே போகிறேன். கன்சோல் வேகம் 9600, எட்டு பிட், பேரிட்டி இல்லை, ஒரு ஸ்டாப் பிட்; சில தயாரிப்புகளில் 115200 என்றிருக்கும், எழுதி ஒட்டி வைப்பது நல்லது. ரௌட்டரை ரேக்குக்குள் வைத்தால் சிக்னல் கிடைக்கவில்லை. ஆன்டெனாவை மட்டும் சன்னல் பக்கம் இழுத்தேன். மாதத்துக்கு ஒருமுறை அந்த வழியாக உள்ளே போய்ப் பார்ப்பதும் உண்டு, இல்லாவிட்டால் ரீசார்ஜ் தீர்ந்தது அவசர நாளில்தான் தெரியும்.

கடற்கரைக்காரன் என்பதால் இன்னொன்று. உப்புக்காற்றில் எஸ்எஃப்பியின் (கேபிளை இணைக்க ஸ்விட்ச்சில் செருகும் சிறு மாட்யூல்) தங்கமுலாம் பூசிய தொடுமுனைகளும் மங்கத் தொடங்கிவிடுகின்றன. காலியாக இருக்கும் போர்ட்டுக்கு ரப்பர் மூடியைத் தூக்கி எறியாமல் மாட்டி வையுங்கள். கட்டடம் விட்டுக் கட்டடம் போகும் செம்பு கேபிளை ஃபைபராக மாற்றுங்கள். ஐப்பசி (துலாம்) மாத இடிமின்னலில் நான் பறிகொடுத்த போர்ட்டுகள் எல்லாம் அந்த வழியாகப் போனவை.

வடசேரி 2 | திங்கள், இரவு 9.00

லூப் பற்றி ஆரல் கணவாய் நண்பர் விட்டதைச் சேர்க்கிறேன். சர்வர் போர்ட்டுகளில் போர்ட்ஃபாஸ்டோடு (ஸ்பானிங் ட்ரீயின் காத்திருப்பைத் தவிர்க்கும் அமைப்பு) பிபிடியு கார்டும் (பிபிடியு வந்தால் போர்ட்டை மூடும் காவல்) போட்டால், யாராவது அங்கே ஸ்விட்ச் செருகிய உடனே போர்ட் எர்ர்டிசேபிள் ஆகி, அதாவது தானே மூடிக்கொண்டு, நின்றுவிடும். அதன்பின் லூப் கவலை இல்லை.

ஆரல் கணவாய் | திங்கள், இரவு 9.25

கவலை சற்று உண்டு. செருகப்படுவது மலிவான, கான்ஃபிக் இல்லாத ஸ்விட்ச்சாக இருந்து, அது பிபிடியுவை விழுங்கிவிடும் வகையாகவும் இருந்தால், அதற்குள் லூப் விழுந்தாலும் கார்டு கண் திறக்காது. அதற்காகவே, வெள்ளமாகப் பாயும் பாக்கெட்டுகளுக்கு வரம்பு போடும் ஸ்டார்ம் கன்ட்ரோலையும் சேர்த்துப் போடச் சொல்கிறார்கள்.

குழித்துறைப் பாலம் | செவ்வாய், காலை 7.15

விஎக்ஸ்லான் பற்றிய என் பரிந்துரையைத் திரும்பப் பெறுகிறேன். ஆறு ரேக்குக்கு எம்லாக் போதும். விட்டுப்போன ஒன்று மட்டும்: எல்லா ஸ்விட்ச்சுக்கும் என்டிபி (கடிகாரங்களை ஒத்திசைக்கும் நெறிமுறை) அமையுங்கள், லாகை (நிகழ்வுப் பதிவு) வேறொரு சர்வருக்கு அனுப்புங்கள். கணினிப் பாதுகாப்புக்கான மத்திய அரசு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரலில் இட்ட உத்தரவுப்படி லாகுகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும், கடிகாரங்களையும் ஒத்திசைக்க வேண்டும். சட்டத்தை விடுங்கள், வியாழன் இரவு கோரின் லாகும் ஃபயர்வாலின் லாகும் ஒரே நேரத்தைக் காட்டினவா என்று பாருங்கள்.

தக்கலை வடக்கு | இரண்டு வாரம் கழித்து, சனி, இரவு 11.40

இல்லை, நண்பரே, ஃபயர்வாலுக்கும் கோருக்கும் நாற்பது நிமிட வித்தியாசம் இருந்தது. சரிசெய்துவிட்டேன்.

ஆரல் கணவாய் நண்பரின் ஊகம் சரி: எம்எஸ்டி, ஒரே இன்ஸ்டன்ஸ். ரூட், முதல் கோராகத்தான் இருந்தது. ஆனால் அது எங்கள் திறமையால் அமைந்ததில்லை, முன்னுரிமை எண்கள் எல்லாம் 32768-ஆகவே கிடந்தன. இப்போது எழுதி வைத்தாயிற்று. எம்லாக் வேலைக்கு நிர்வாகத்திடம் பொங்கல் விடுமுறையைக் கேட்டிருக்கிறோம்.

இன்றிரவு ரிவர்ட் டைமரை உண்மையிலேயே சோதித்தோம். கிடங்கில் இருந்த உபரி ஸ்விட்ச்சை மேசையில் வைத்து, ஐந்து நிமிட டைமரோடு உள்ளே நுழைந்து, வேண்டுமென்றே "ஆட்" இல்லாமல் அதே வரியை அடித்தேன். செஷன் உறைந்தது. நண்பர் கன்சோலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்க, டீ வாங்கி வந்து கோப்பையை வைக்கும்போது, என் லேப்டாப்பில் பிங் திரும்ப ஓடத் தொடங்கியது. பெட்டி அணையவில்லை. பிறகு கோரில், அதே டைமரோடு, "ஆட்" போட்டு, விலான் 140-ஐச் சேர்த்து, ஸ்டோரேஜ் பாதையையும் ஃபயர்வாலையும் பார்த்துவிட்டு, கன்ஃபர்ம் கொடுத்து, உடனே சேமித்தோம். குளச்சல் அண்ணன் சொன்ன ராஸ்பெரி பையும் 4ஜி ரௌட்டரும் வந்துவிட்டன. முதல் கோருக்கு மட்டும் கேபிள் போட்டிருக்கிறது, இரண்டாவது கேபிளில் ஊசிகளின் வரிசை வேறாக இருந்ததால் திருப்பி அனுப்பியிருக்கிறோம்.

எல்லா ஸ்விட்ச்சிலும் ஓடும் கான்ஃபிக்கையும் சேமித்த கான்ஃபிக்கையும் ஒப்பிட்டும் பார்த்தோம். ஆறு ரேக் ஸ்விட்ச்சுகளில் நான்கில் வேறுபாடு இருந்தது. இரண்டாம் ரேக்கில் ஒரு போர்ட்டுக்கு "தற்காலிகம், நாளை எடுக்க வேண்டும்" என்று விளக்கம் எழுதி ஒரு விலான் போடப்பட்டிருக்கிறது. அதை எழுதியது நான்தான் என்று நண்பர் சொல்கிறார்; அந்த எழுத்துநடை அவருடையது என்று நான் சொல்கிறேன்.